மிக்ஸியை நிறுத்துங்கள், மாமி

கேள்வி: என் மருமகளுக்கு ஏ.டி.எச்.டி. என்கிறார் டாக்டர். பேரனுக்கு மூன்று மாதம். கடைசியாக எப்போது பால் கொடுத்தாள் என்பதே அவளுக்கு நினைவில்லை. மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொள்கிறாள். நான் எப்படி உதவுவது?
– ஒரு மாமியார், திருச்சி

பதில்: முதல் வேலை, மிக்ஸியை நிறுத்துங்கள். அவள் குளிக்கப் போகும்போது சட்னி அரைத்துக்கொள்ளலாம்.

ஏ.டி.எச்.டி. சோம்பேறித்தனம் அல்ல, மூளை வேலை செய்யும் விதமே வேறு. தூக்கம் கெட்டால் மறதி இன்னும் கூடும். கைக்குழந்தை வீட்டில் தூக்கம் ஏது? ஆகவே, "பிள்ளையை இப்படிக் கொடு, நீ போய்ப் படு" என்பதுதான் நீங்கள் தரக்கூடிய சீர்.

ஃப்ரிட்ஜில் ஒரு பலகை மாட்டுங்கள். பால் கொடுத்த நேரம், எந்தப் பக்கம், 14-வது வாரத் தடுப்பூசித் தேதி எல்லாம் அதில் ஏறட்டும். எழுதுவது உங்கள் மகன் பொறுப்பு. கிரிக்கெட் ஸ்கோர் மறக்காதவர்தானே?

அவள் இயர்பிளக் மாட்டினால் பதறாதீர்கள். பிள்ளை அழுவது கேட்கும், காதைக் குத்தாது. மாத்திரை விஷயம் மட்டும் டாக்டரோடு. எதிர்வீட்டு மாமியோடு வேண்டாம்.

"நாங்களெல்லாம் நாலு பெற்று வளர்க்கலையா" என்று வாய்வரை வந்தால், அடுத்த ஈடு இட்லி ஊற்றப் போய்விடுங்கள்.