வழுக்கட்டும் சக்கரம், வழுக்கக் கூடாது கவனம்

கேள்வி – பதில்

(இந்த முறை கீரனூர் வட்டாரத்து வாசகர்களின் கேள்விகள் மட்டும். எல்லாமே கார் ட்ரிஃப்ட் பற்றி.)

கல்லூரி மாணவர், கீரனூர்
*ட்ரிஃப்ட் என்றால் வண்டி ஸ்கிட் ஆவதுதானே? அதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?*

ஸ்கிட் தானாக நேர்கிறது; ட்ரிஃப்டை ஓட்டுநர் வரவழைக்கிறார். பின்சக்கரங்களின் பிடியை வேண்டுமென்றே அறுத்து, வண்டி பக்கவாட்டில் போகும்போதே அதன் கோணம், வேகம், பாதை மூன்றையும் கைக்குள் வைத்திருப்பதுதான் ட்ரிஃப்ட். வழுக்க வைக்க ஒரு நிமிடம் போதும். வழுக்கியதை விரும்பிய இடத்தில் நிறுத்தக் கற்க மாதக்கணக்கில் ஆகும்.

மெக்கானிக், குளத்தூர்
*ரியர் வீல் டிரைவ் வண்டிதான் வேண்டும் என்கிறார்களே, ஏன்? ஸ்விஃப்டில் ஆகாதா?*

ஸ்விஃப்டில் முன்சக்கரங்களே வண்டியை இழுக்கின்றன, திருப்பவும் செய்கின்றன. ஹேண்ட்பிரேக்கைப் போட்டுப் பின்பக்கத்தை ஒரு தரம் வீசலாம். ஆனால் ஆக்சிலேட்டரை அழுத்தியதும் முன்சக்கரங்கள் வண்டியை நேராக இழுத்துவிடும், வழுக்கல் அங்கேயே முடிந்துபோகும். பின்சக்கரம் தள்ளும் வண்டியில் வேலை பிரிந்திருக்கிறது: திருப்புவது முன்சக்கரம், தள்ளுவது பின்சக்கரம். அதனால் கால் கோணத்தைப் பார்த்துக்கொள்ளும், கை திசையைப் பார்த்துக்கொள்ளும். அந்தப் பிரிவினை இருப்பதால்தான் வழுக்கலை நீட்டிக்க முடிகிறது.

பள்ளி ஆசிரியை, உடையாளிப்பட்டி
*இதில் இருக்கும் அறிவியலை என் மாணவர்களுக்கு எப்படிச் சொல்வது?*

டயரின் பிடி, சந்தைக்கு எடுத்துப்போன நூறு ரூபாய். வேகமெடுக்க, பிரேக் பிடிக்க, திரும்ப என்று மூன்று கடையிலும் அந்த ஒரே நூறு ரூபாயில்தான் செலவு செய்ய வேண்டும். வளைவில் திரும்புவதற்கே தொண்ணூறு போய்விட்ட நேரத்தில், ஆக்சிலேட்டரை மிதித்து இன்னொரு நாற்பது கேட்டால் டயரிடம் பணம் இல்லை, அது வழுக்கும். பின்டயரை மட்டும் அப்படிக் கடனாளி ஆக்குவதே ட்ரிஃப்ட்.

இதோடு எடை நகர்வதையும் சொல்லுங்கள். பிரேக் பிடித்தால் வண்டியின் எடை முன்னே சாய்கிறது, பின்டயரின் மேல் அழுத்தம் குறைகிறது. அந்த நொடியில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் பின்பக்கம் எளிதில் கிளம்பும். உராய்வும் நிலைமமும் பாடப்புத்தகத்தை விட்டு இறங்கிவந்து நிற்கும் இடம் இது.

பொலேரோ உரிமையாளர், அன்னவாசல்
*நம் ஊர்ப் பக்கம் ரியர் வீல் டிரைவ் கார் எங்கே இருக்கிறது அண்ணே?*

நீங்கள் உட்கார்ந்திருப்பதே அதில்தான். பொலேரோ, ஆம்னி, ஈகோ, பழைய இன்னோவா, டாடா ஏஸ் எல்லாமே பின்சக்கரம் தள்ளும் வண்டிகள். ஆனால் அவற்றில் ட்ரிஃப்ட் பழக வேண்டாம். எல்லாம் உயரமான வண்டிகள், எடை மேலே இருக்கிறது. பக்கவாட்டில் போய்க்கொண்டிருக்கும்போது டயர் ஒரு கல்லிலோ குழியிலோ மாட்டினால் வழுக்கல் நின்றுவிடும், உருளல் தொடங்கிவிடும். ஆட்டோவும் பின்சக்கர வண்டிதான்; முன்னால் ஒற்றைச் சக்கரம் என்பதால் அது இன்னும் சீக்கிரம் சாயும். பின்சக்கரம் தள்ளினால் மட்டும் போதாது. எடை தாழ்வாக இருக்க வேண்டும், சக்கரங்கள் அகன்று நிற்க வேண்டும்.

ஓய்வுபெற்ற அரசு ஊழியர், மாத்தூர்
*வீட்டில் பழைய காண்டஸா நிற்கிறது. பேரன் அதைக் கேட்கிறான். கொடுக்கலாமா?*

ஐயா, காண்டஸா தாழ்ந்த, நீளமான, பின்சக்கர வண்டி. பேரனுக்குக் கண் நல்ல இடத்தில்தான் விழுந்திருக்கிறது. ஒரு சிக்கல் உண்டு. இரண்டு பின்சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் சாதாரண டிஃபரன்ஷியலில், வளைவில் எடை குறைந்த உள்பக்கச் சக்கரம் மட்டும் சும்மா சுழலும், வெளிச்சக்கரம் வேலை செய்யாது. இரண்டு பின்சக்கரமும் சேர்ந்து சுழல லிமிட்டெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் வேண்டும். அதைவிட முதலில் வேண்டியவை நல்ல பிரேக், ஆட்டம் இல்லாத ஸ்டியரிங், துருப்பிடிக்காத அடிச்சட்டம், மூன்று முனை பெல்ட். காண்டஸா உற்பத்தி நின்று இருபது ஆண்டுக்கு மேலாகிறது. ஒடிந்தால் பாகம் தேடி அலைய வேண்டும். வண்டியைப் பத்திரமாக வைத்திருங்கள். பேரனைப் பயிற்சிக் களத்துக்கு அனுப்புங்கள்.

பாலிடெக்னிக் மாணவர், நார்த்தாமலை
*இதைத் தொடங்கி வைத்தவர் யார்?*

ஜப்பானின் குனிமிட்சு தகாஹாஷி. 1961இல் மேற்கு ஜெர்மனி கிராண்ட் பிரீயை வென்று, உலக மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் முதல் வெற்றி கண்ட ஜப்பானியர். பின்பு கார் பந்தயத்துக்கு வந்து, 1970களில் வளைவுகளை வழுக்கியபடியே வேகமாகக் கடந்தார். அதைப் பார்த்து வளர்ந்த கெய்இச்சி சுச்சியா மலைப்பாதைகளில் அதை ஒரு கலையாக்கினார்; ‘ட்ரிஃப்ட் கிங்’ என்ற பட்டம் அவருடையது. 1987இல் வந்த ‘ப்ளஸ்பி’ வீடியோ அவரை நாடறியச் செய்தது. 2001 முதல் டி1 கிராண்ட் பிரீ என்ற தொடர் நடக்க ஆரம்பித்தது. மலைப்பாதை விளையாட்டு, வேலியடைத்த களத்துக்கு வந்து சேர்ந்தது.

அதே மாணவர்
*சுச்சியாவிடம் பெரிய கார் இருந்திருக்கும். நமக்கு எங்கே?*

அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட கார் டொயோட்டா ஏஇ86. 1.6 லிட்டர் எஞ்சின், சுமார் 130 குதிரைத்திறன், ஒரு டன்னுக்கும் குறைந்த எடை. குறைந்த சக்தியில் பழகுபவர் எடையை நகர்த்தக் கற்றுக்கொள்வார். அதிக சக்தியில் பழகுபவர் டயரைக் கருக்க மட்டுமே கற்றுக்கொள்வார்.

ஜிம் பயிற்சியாளர், விராலிமலை
*உலக சாதனை எவ்வளவு?*

வேகத்தில்: 2016இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைராவில் மசாட்டோ கவாபாட்டா மணிக்கு 304.96 கிலோமீட்டரில் ட்ரிஃப்ட் செய்தார். தூரத்தில்: 2017இல் அமெரிக்காவில் ஒரு பிஎம்டபிள்யூ எம்5, எட்டு மணி நேரத்தில் 374 கிலோமீட்டர் வழுக்கிக்கொண்டே போனது. நடுவில் நிற்கவில்லை, ஓடும்போதே பெட்ரோல் நிரப்பினார்கள். இரண்டும் பொதுப் போக்குவரத்து இல்லாத மூடிய இடத்தில் நடந்தவை.

இளைஞர், கிள்ளுக்கோட்டை
*முதல் நாளிலிருந்து வரிசையாகச் சொல்லுங்கள். எப்படிப் பழகுவது?*

பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கிறார், ஹெல்மெட் தலையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

முதலில் இருக்கை. முதுகு சாய்வில் முழுக்க ஒட்டியிருக்க, கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் பட வேண்டும். எட்டிப் பிடிப்பவரால் வேகமாகத் திருப்ப முடியாது.

இரண்டாவது, வட்டம். தண்ணீர் விட்ட சமதளம், நடுவில் ஒரு கோன். ஈரத்தில் குறைந்த வேகத்திலேயே வழுக்கும்; தவறினாலும் சேதம் குறைவு, டயரும் பிழைக்கும். வண்டியில் ஈஎஸ்சி என்ற மின்னணு நிலைப்படுத்தி இருந்தால் அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் அது வழுக்கலைத் தானே அடக்கிவிடும். முதல் கியரில் கோனைச் சுற்றுங்கள். ஸ்டியரிங் வளைந்திருக்கும்போதே ஆக்சிலேட்டரைச் சட்டென்று கொடுங்கள். பின்பக்கம் வெளியே கிளம்பும். கிளம்பியதும் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் விடுங்கள், ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தளர்த்துங்கள். அதிகம் கொடுத்தால் வண்டி தன்னைத்தானே சுற்றும். முழுக்க எடுத்தால் பிடி திடீரென்று திரும்பி மறுபக்கம் எறியும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கால் அளவைப் பாதம் மனப்பாடம் செய்யும்வரை இதே வட்டம்தான்.

மூன்றாவது, இரண்டு கோன் வைத்து எட்டு. ஒரு பக்கச் சாய்விலிருந்து மறுபக்கச் சாய்வுக்கு எடையை மாற்றப் பழகுவது இங்கே.

நான்காவது, ஹேண்ட்பிரேக். அது பின்சக்கரங்களை மட்டும் பூட்டும். கிளட்சை மிதித்து, ஒரு கணம் இழுத்து விட்டு, கிளட்சை விட்டு ஆக்சிலேட்டரில் தொடர வேண்டும். அதன் பிறகே கிளட்ச் கிக் (கிளட்சைச் சட்டென்று மிதித்து விட்டுப் பின்சக்கரத்தை உதறவைப்பது), எதிர்ப்பக்கம் ஒரு வீச்சு கொடுத்து வளைவுக்குள் நுழைவது எல்லாம்.

இந்த வரிசையில் ஒரு படியையும் தாண்டிக் குதிக்காதீர்கள் தம்பி.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிப் பயிற்றுநர், புதுக்கோட்டை
*புதிதாகப் பழகுபவர் செய்யும் பெரிய தவறு எது?*

கண். வண்டி எதை நோக்கி வழுக்குகிறதோ அதையே பயந்து பார்ப்பார்கள். கை கண்ணைப் பின்தொடரும், வண்டி நேரே அங்கேயே போகும். போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும், அதற்காகப் பக்க ஜன்னல் வழியாகப் பார்க்க நேர்ந்தாலும்.

அடுத்தது இறுக்கிப் பிடிக்கும் கை. பின்பக்கம் கிளம்பியதும் முன்சக்கரங்கள் வண்டி நகரும் திசைக்குத் தாமாகவே திரும்பப் பார்க்கும். அவற்றின் கோண அமைப்பு அப்படி. ஸ்டியரிங்கை உள்ளங்கைக்குள் ஓடவிட்டு, வேண்டிய இடத்தில் பிடித்தால் போதும்.

கல்லூரி மாணவி, கீரனூர்
*முதலில் வருபவர்தானே ஜெயிப்பார்? பெண்கள் இதில் இருக்கிறார்களா?*

ட்ரிஃப்டில் முதலில் வருவது கணக்கே இல்லை. நடுவர்கள் கோணம், பாதை, வேகம் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். இருவர் சேர்ந்து ஓடும்போது, முன்னால் போகும் காரைப் பின்னால் வருபவர் எவ்வளவு நெருக்கமாக ஒட்டி வருகிறார் என்றும் பார்ப்பார்கள். இதில் உடல் பலத்தைவிட நேரக்கணக்கு பெரிது. சென்னையின் அலிஷா அப்துல்லா பைக்கிலும் காரிலும் ஆண்களோடு ஒரே களத்தில் பந்தயம் ஓட்டியவர். நீங்கள் எங்கே தொடங்கலாம் என்பதற்குப் பதில் அடுத்த கேள்வியில் இருக்கிறது.

ஒர்க்‌ஷாப் உதவியாளர், கீரனூர்
*தமிழ்நாட்டில் முறையாகப் பழக இடம் உண்டா?*

பந்தயக் களங்களுக்கு நம் மாநிலம் பழைய வீடு. இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுபாதையான சோழவரத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல்லாண்டு பந்தயம் நடத்தியது. 1990இல் அது இருங்காட்டுக்கோட்டையின் சொந்தக் களத்துக்கு மாறியது. கோவை செட்டிபாளையத்தில் 2003இல் கரி மோட்டார் ஸ்பீட்வே வந்தது.

அந்தக் ‘கரி’யின் கதை உங்களைப் போல ஒர்க்‌ஷாப்பில் நிற்பவர்களுக்கு உரியது. கோவையின் கரிவரதன், மாருதி 800 எஞ்சினை எடுத்து, ஓட்டுநருக்குப் பின்னால் வைத்துப் பின்சக்கரத்தைத் தள்ளும் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். வெளிநாட்டுக் கார் வாங்க முடியாத பிள்ளைகளும் பந்தயம் பழக அது வழி திறந்தது. 2005இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரான நரேன் கார்த்திகேயன் முதலில் உட்கார்ந்தது அந்த ஃபார்முலா மாருதி வகைக் காரில்தான். கரிவரதன் 1995இல் மறைந்தார்; களம் அவர் பெயரைச் சுமக்கிறது.

இருங்காட்டுக்கோட்டை, செட்டிபாளையம் இரண்டு இடங்களிலும் பயிற்சி வகுப்புகள் நடக்கும் நாட்களைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். போட்டியில் இறங்க, இந்திய மோட்டார் விளையாட்டுக் கிளப்புகளின் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐயின் உரிமம் வேண்டும். கையில் பணம் குறைவென்றால் கோ-கார்ட்டில் தொடங்குங்கள். அதுவும் பின்சக்கரம் தள்ளும் வண்டிதான், பின்பக்கம் வழுக்குவதை இடுப்பு உணரும் முதல் பள்ளிக்கூடம்.

ரசிகர், ஆதனக்கோட்டை
*அஜித் சார் அவ்வளவு பெரிய விபத்திலிருந்து நடந்து வந்தாரே, அதிர்ஷ்டமா?*

ஏற்பாடு. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்கு முந்தைய பயிற்சியில் நடிகர் அஜித்தின் கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. உடலை இறுக்கிய பெல்ட், உள்ளே இரும்புக் கூண்டு, தலையில் ஹெல்மெட், எதிரே வண்டி இல்லாத களம் எல்லாம் சேர்ந்து அவரை வெளியே அனுப்பின. அதே வாரம் அவர் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. அவரை விரும்புகிறவர்கள் இந்த ஏற்பாட்டையும் சேர்த்து விரும்ப வேண்டும்.

ஒரு தாய், குடுமியான்மலை
*பதினாறு வயது மகன், காய்ந்த கண்மாயில் நண்பன் காரைச் சுற்றிப் பழகுகிறான். ரோட்டில் இல்லையே என்கிறான்.*

அம்மா, இன்றே சாவியை வாங்கி வையுங்கள். மக்கள் போய்வர உரிமையுள்ள எந்த இடமும் சட்டப்படி பொது இடம்தான். கண்மாய்க்குள் மாடு மேய்ப்பவரும் இருப்பார், விறகு பொறுக்குபவரும் இருப்பார். புழுதி எழுந்தால் ஆள் நிற்பதே தெரியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவுப்படி, சிறுவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு ஓராண்டு ரத்து. பையனுக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது. அனுமதியின்றிப் பொது இடத்தில் பந்தயம் விட்டால் 189ஆவது பிரிவும் வரும்.

ஆனால் அவன் ஆசையைக் குற்றமாக்காதீர்கள். கோ-கார்ட் களத்துக்கு ஒருமுறை நீங்களே கூட்டிப்போங்கள். விதி இருக்கும் இடத்தில்தான் திறமை வளரும் என்பதை அவன் அங்கே கண்ணால் பார்ப்பான்.

டாடா ஏஸ் ஓட்டுநர், கீரனூர்
*மழையில் திருச்சி ரோட்டில் காலி வண்டியின் பின்பக்கம் தானாக வீசியது. அப்போது என்ன செய்ய வேண்டும்?*

எல்லாரும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி உங்களுடையது. பிரேக்கை மிதிக்காதீர்கள். ஆக்சிலேட்டரை மெதுவாக எடுங்கள், மூக்கு போக வேண்டிய பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்புங்கள், அந்தப் பாதையையே பாருங்கள். வண்டி நேரானதும் ஸ்டியரிங்கையும் உடனே நேராக்குங்கள். தாமதித்தால் மறுபக்கம் வீசும்.

நேராமல் தடுப்பதற்கு: காலி வண்டியில் பின்டயர் மேல் எடை இல்லை, அதனால் வளைவுக்கு முன்பே வேகம் குறையுங்கள். நீண்ட வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழையில், ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் மிதந்து வழுக்கும். அந்த முதல் அரைமணி நேரம் பொறுமை. இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் பின்னால் மாட்டுங்கள்.

டிரைவிங் லைசென்ஸ் விண்ணப்பதாரர், கீரனூர்
*லைசென்ஸுக்கும் எட்டு போடச் சொல்கிறார்கள், ட்ரிஃப்டிலும் எட்டா?*

இரண்டு எட்டும் வேண்டும். லைசென்ஸ் எட்டு, வண்டி சொன்னபடி கேட்கும்போது உங்களைச் சோதிக்கிறது. ஈரத்தளத்து எட்டு, வண்டி கேட்காதபோது சோதிக்கிறது. நம் தேர்வில் இரண்டாவது இல்லை. ட்ரிஃப்டை நான் இவ்வளவு நேசிப்பதற்குக் காரணமும் அதுதான்: கோப்பையை வெல்பவர் சிலர், ஆனால் அதன் முதல் பாடம் ஸ்டியரிங் பிடிக்கும் எல்லாருக்கும் உதவும். மாவட்டத்துக்கு ஒரு தண்ணீர் விட்ட தளமும் தேர்ந்த பயிற்றுநரும் அமைத்து, பள்ளி வேன், ஷேர் வேன், பிக்கப் ஓட்டுபவர்களுக்கு ஒரு நாளாவது அரசு பயிற்சி தர வேண்டும். வண்டி வழுக்கினால் எப்படி இருக்கும் என்பதை ஓர் ஓட்டுநர் வாழ்நாளில் முதன்முறையாக, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் மழை நாளில் தெரிந்துகொள்ளும் நிலை இருக்கக் கூடாது.