தீபம் ஏற்றியிருக்கிறார்கள்!

கேள்வி: பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 'பிரசன்ட் பெர்பெக்ட்' எத்தனை முறை நடத்தினாலும் மண்டையில் ஏறவில்லையே, என்ன செய்வது?
– ஆங்கில ஆசிரியை ஒருவர், வேங்கிக்கால்

பதில்: சூத்திரத்தைப் பலகையில் எழுதுவதற்கு முன் திருவண்ணாமலை மலையைக் காட்டுங்கள். 2,668 அடி உச்சியில் ஏற்றும் கார்த்திகை மகாதீபம் 11 நாள் எரிகிறது. மூன்றாம் நாள் ஊருக்கு வரும் பாட்டியிடம் பிள்ளைகள் என்ன சொல்வார்கள்? "தீபம் ஏத்தியிருக்காங்க பாட்டி, வந்து பாருங்க!" ஏற்றிய வேலை முடிந்துவிட்டது, வெளிச்சம் இன்னும் கண்முன்னே நிற்கிறது. 'தே ஹேவ் லிட் தி லேம்ப்' என்பதும் அதுவேதான்.

வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. தமிழில் 'மாமா நேற்றே வந்திருக்கிறார்' என்று தாராளமாகச் சொல்லலாம். ஆங்கிலத்தில் 'எஸ்டர்டே' வந்தால் 'ஹேஸ் கம்' கூடாது. 'கேம்' என்றே சொல்ல வேண்டும்.

பிள்ளைகளை ஜோடி ஜோடியாக நிறுத்தி, 'கிரிவலம் போயிருக்கிறாயா?' என்பதை 'ஹேவ் யூ எவர்' என்று தொடங்கிக் கேட்கச் சொல்லுங்கள். 14 கிலோமீட்டர் நடந்த பிள்ளை 'எஸ், ஐ ஹேவ்' என்று நிமிர்ந்து சொல்லும். அடுத்து, 'வென்?' என்று கேட்டதும் 'ஐ வென்ட் லாஸ்ட் மன்த்' என்று மாற வேண்டும். இந்த மாற்றம் வாய்க்குப் பழகிவிட்டால், தேர்வுத்தாளில் கோடிட்ட இடம் தானாக நிரம்பும்.