ஓட்டுக் கேட்கும் போனுக்கு மட்டும் தடையில்லை

மெல்போர்ன்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

“அங்கே தேர்தலென்றால் மைக் செட்டுகூடக் கிடையாதாமே, கொடுத்துவைத்தவன்” என்று எழுதியிருந்தீர்கள். மைக் செட்டு இல்லைதான், கைபேசி இருக்கிறதே! நம்மூர் ஆட்டோ தெருமுனை திரும்பினால் சத்தமும் கூடவே போய்விடும். இது சட்டைப்பைக்குள் உட்கார்ந்து ஓட்டுக் கேட்கிறது. இத்தனைக்கும், வேண்டாமென்று பதிந்துகொண்டவர்களை வியாபாரிகள் கூப்பிடக் கூடாதென்று 2006-லேயே இங்கே சட்டம் வந்தாயிற்று. சோலார் பேனல் விற்பவன் வாய் திறக்க முடியாது. சட்டம் போட்ட புண்ணியவான்கள், விதிவிலக்கில் தர்ம ஸ்தாபனங்களோடு தங்கள் கட்சிகளையும் சேர்த்துக்கொண்டார்கள். தானம் கேட்பவரும் ஓட்டுக் கேட்பவரும் ஒரே ஜாதி என்று கணக்கு போலிருக்கிறது. வேண்டாத குறுஞ்செய்திகளைத் தடுக்கும் 2003 சட்டத்திலும் அவர்களுக்கு விலக்கு, தனியுரிமைச் சட்டத்திலும் விலக்கு. குடியுரிமை வாங்கியவன் வாக்காளர் பட்டியலில் சேர்ந்தே ஆகவேண்டும். ஓட்டுப் போடாவிட்டால் 20 டாலர் தண்டம். இப்படிக் கட்டாயப்படுத்தி வாங்கிய பெயரும் விலாசமும் கட்சிகளுக்குப் போகின்றன. போன் நம்பரைத் தேர்தல் ஆணையம் தருவதில்லை. பின்னே எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டால், பதில் சொல்லும் கடமை கட்சிக்கு இல்லை.

ஓட்டரிடம் பேசாமல் என்ன ஜனநாயகம் என்பீர்கள். அரசியல் பேச்சுக்கு அரசியல் சட்டத்திலேயே பாதுகாப்பு உண்டென்று இங்கத்து உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. பேசட்டும், யார் வேண்டாமென்றது? வேண்டாமென்று எழுதிக் கொடுத்தவன் காதில்தான் பேசுவேன் என்பதற்குப் பெயர் உரிமையா? டிவி விளம்பரத்துக்கு வக்கில்லாத சின்னக் கட்சிகளுக்குப் போன்தானே கதி என்ற வாதமும் உண்டு. கொஞ்சம் நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் 2019 தேர்தலுக்கு முன் ஜனங்களைக் குறுஞ்செய்தியால் குளிப்பாட்டியது ஏழைக் கட்சி இல்லை. க்ளைவ் பால்மர் என்ற சுரங்க முதலாளியின் கட்சி. அதிலே ஒரு செய்தி, நாங்கள் வந்தால் கேட்காமல் அனுப்பும் அரசியல் குறுஞ்செய்திகளைத் தடை செய்வோம் என்றது! அந்தத் தேர்தலில் அவர்களுக்கு ஒரு இடமும் கிடைக்கவில்லை. சின்னக் கட்சிக்காரர் வீட்டுக்கதவைத் தட்டட்டுமே. முகம் பார்த்துப் பேசலாம், மனமிருந்தால் ஒரு காபியும் கொடுக்கலாம். இங்கே வாசலில் ஆள் வந்து நின்று பேசுவதே அபூர்வம், சித்தப்பா.

கட்சிகளுக்கான தனியுரிமை விலக்கை எடுத்துவிடும்படி சட்டச் சீர்திருத்த ஆணையம் 2008-லேயே பரிந்துரைத்தது. எடுக்கவேண்டியது நாடாளுமன்றம். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் அந்தக் கட்சிக்காரர்கள்தான்.

சித்திக்கு என் வணக்கம்.