லேக் அடிக்குது மச்சான்

"சர்வர் லேக் அடிக்குது." நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸாப் குழுவில் வந்த புகார் இவ்வளவுதான். எங்கே நின்றான், என்ன செய்துகொண்டிருந்தான், ஒரு விவரமும் கிடையாது. டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று சொல்லிவிட்டு நாக்கைக்கூட நீட்டாமல் எழுந்து வருகிற ரகம். கேட்டால், "நீதானடா அட்மின்?"

அடுத்த நிமிடமே இன்னொருவன்: "ராம் ஏத்து மச்சான்." மைன்கிராஃப்ட் சர்வரைப் பற்றி வேறெதுவும் தெரியாதவனுக்கும் இந்த ஒரு மருந்து தெரியும். அந்த உலகம் நொடிக்கு 20 முறை சுற்ற வேண்டும். ஒரு சுற்றுக்கு 50 மில்லிசெகண்ட். மாடு நகர்வது, கோதுமை விளைவது, ஜாம்பி துரத்துவது எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். அதில் பெரும்பகுதி ப்ராசஸரின் ஒரே ஒரு கோரில் ஓடுகிறது. மற்ற கோர்கள் கைகட்டி வேடிக்கை பார்க்கின்றன. ராமை ஏற்றி என்ன ஆகப்போகிறது? அளவுக்கு மீறிக் கொடுத்தால் ஜாவா குப்பையைச் சேர்த்துவைத்து மொத்தமாகப் பெருக்க உட்காரும். அதுவரை அத்தனை பேரும் அந்தரத்தில் நிற்க வேண்டியதுதான்.

ரொம்பப் பின்தங்கினால் லாகில் ஒரு வரி விழும்: என்னால் சமாளிக்க முடியவில்லை, சர்வருக்குச் சுமை அதிகமோ? கேள்வியை என்னிடமே கேட்கிறது. ஒரே சுற்று 60 விநாடிக்கு மேல் இழுத்தால் சர்வர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். அந்தச் சலுகை அட்மினுக்குக் கிடையாது.

செட்டிங்ஸில் பார்வைத் தூரத்தை 10-லிருந்து 6-க்கு இறக்கலாம். அது ஊருக்கே தெரியும், ஆளுக்கு 441 சங்க் என்பது 169 ஆகும். எங்கள் சிக்கல் வேறு. வில்லேஜர்கள்.

எங்கள் கூட்டத்தில் ஒருவன் வில்லேஜர்களைப் பிடித்து, ஆளுக்கு ஒரு கட்டை அகலத்தில் சிறை கட்டி வைத்திருக்கிறான். ஒவ்வொருவன் எதிரிலும் ஒரு லெக்டர்ன். அதை உடைப்பான், வைப்பான், உடைப்பான், வைப்பான். அந்த வில்லேஜர் மெண்டிங் புத்தகம் விற்க முன்வரும்வரை விடமாட்டான். வெள்ளிக்கிழமை ராத்திரி முழுக்க "டக், டக்" என்று இதே சத்தம். விளையாட்டாம்!

2019-ல் 1.14 பதிப்பு வந்தபிறகு வில்லேஜர் என்பவன் லேசுப்பட்டவன் இல்லை. அவனுக்கு வேலையிடம் வேண்டும், கட்டில் வேண்டும், மணியடியில் கூடிப் பேச வேண்டும். வம்புகூடப் பேசுகிறான், நீங்கள் ஒருவனை அடித்தால் சங்கதி மற்றவர்களுக்குப் பரவி, விலையை ஏற்றிவிடுகிறார்கள். சிறையில் கிடப்பவனுக்கும் இந்த ஆசைகள் அத்தனையும் உண்டு. கட்டிலுக்கு வழி தேடுவான், சுவர் தடுக்கும், மறுபடி தேடுவான். அவன் தேடும் ஒவ்வொரு வழிக்கும் என் 50 மில்லிசெகண்டில் கொஞ்சம் போகும். பொழுது சாய்ந்தால் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் தூக்கம் வந்துவிடும். அங்கே அவர்கள் கட்டிலைத் தேட, ஆறு தெரு தள்ளிச் சுரங்கத்தில் வைரம் வெட்டிக்கொண்டிருப்பவன் வெட்டிய கல் உடையாமல் திரும்ப முளைக்கிறது என்று எனக்கு வீடியோ அனுப்புகிறான்.

"பாதிப் பேரையாவது தீர்த்துவிடேன்" என்றேன். "மெண்டிங் குடுக்கறவன்டா அவன்!" என்று கோபம் வந்துவிட்டது. பெற்ற பிள்ளையைப் பற்றிக்கூட இப்படிப் பரிந்து பேசி நான் கேட்டதில்லை.

மாதா மாதம் சர்வர் வாடகை என் கார்டிலிருந்து போகிறது. அதைப் பற்றி அந்தக் குழுவில் ஒரு வார்த்தை எழுதிப் பாருங்கள். ப்ளூ டிக் மட்டும் விழும். லேக் அடித்தால் மட்டும் அத்தனை பேரும் விழித்திருப்பார்கள்.

கடைசியில் அந்தச் சிறைக்காரன் பெரிய மனசு பண்ணி, பாதி வில்லேஜர்களைத் திறந்துவிட்டான். அன்று ராத்திரியே ஜாம்பிகள் புகுந்து கடித்தன. எங்கள் சர்வர் ஹார்டில் ஓடுகிறது. அதில் ஜாம்பி கொன்ற வில்லேஜர் ஒருவர் தவறாமல் ஜாம்பி வில்லேஜராகிவிடுவார். அவனுக்குத் துக்கமா? துள்ளிக் குதிக்கிறான். குணப்படுத்தினால் அவர்கள் நன்றியில் விலையைக் குறைப்பார்களாம். அதற்கு ஆளுக்கு ஒரு தங்க ஆப்பிள் எடுத்துக்கொண்டு எல்லாரும் ராத்திரி ஒன்பதுக்கு வந்துவிட வேண்டுமாம். "அட்மின், நீ ரெண்டா கொண்டு வா."