சிங்கப்பூரிலிருந்து ஒரு நன்றிக் கடிதம்

பெருமதிப்பிற்குரிய கண்காட்சி ஏற்பாட்டாளர் அவர்களின் சமூகத்திற்கு,

நான் சிங்கப்பூர்க்காரன். போன வியாழன் காலை வரை சிங்கப்பெருமாள் கோவிலில் லேத் பட்டறை வைத்திருந்தவன். ஸ்டாலுக்கு மேலே நீங்கள் ஒட்டிய பலகையைப் பார்த்த பிறகுதான் விவரம் தெரிந்தது. பாரத்தில் ஊர்ப் பெயரை முழுசாகத்தான் எழுதினேன். 'சிங்கப்' வரை படித்ததுமே உங்கள் கம்ப்யூட்டர் என் தகுதியை உணர்ந்து கடல் தாண்டி அனுப்பிவிட்டது. பாஸ்போர்ட்கூடக் கேட்கவில்லை. நன்றி.

திருத்தச் சொன்னேன். பலகை மாற்ற 1,500 ரூபாய் ஆகும் என்றார் உங்கள் பையன். தப்பு உங்களுடையது, பில் மட்டும் என்னுடையதா என்று கேட்க நாக்கு துடித்தது. வெளிநாட்டுக்காரன் கண்ணியமாக நடக்க வேண்டாமா? பேசாமல் இருந்துவிட்டேன்.

மூன்றுக்கு மூன்று மீட்டர் இடம், ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஐந்து ஆம்பியர் பிளக் ஒன்று. டிரில்லிங் மெஷினுக்கு த்ரீ ஃபேஸ் வேண்டுமென்று தனியாகப் பணம் கட்டிய ரசீது என்னிடம் பத்திரமாக இருக்கிறது. கரண்ட்தான் வரவில்லை. மூன்று நாளும் மெஷின், ஆயுத பூஜை அன்று நிற்பதுபோல் பொட்டு வைத்துக்கொண்டு சும்மா நின்றது.

கொள்முதல் அதிகாரிகள் வந்திருந்தார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன். மாடியில், ஏசி ஹாலில், பத்து முதல் ஐந்து வரை கருத்தரங்கம். டீ, போண்டா, மதியச் சாப்பாடு எல்லாம் அங்கேயே. கீழே எங்களிடம் வந்தவர்கள் துணிப்பை கேட்ட கல்லூரிப் பிள்ளைகளும், சிங்கப்பூரில் வேலை கிடைக்குமா என்று கேட்ட பதினோரு பேரும்தான். ஒருவர் பயோடேட்டாவையே கொடுத்துவிட்டுப் போனார்.

ஐயா, ஒரு நிமிஷம் விமானத்தை விட்டு இறங்குகிறேன். மறைமலை நகர் தொழிற்சாலையை மூடப்போவதாக 2021 செப்டம்பரில் ஃபோர்டு அறிவித்தபோது எங்கள் பட்டறையில் அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அதிலிருந்து புது ஆர்டருக்கு நாயாய் அலைகிறேன். உங்கள் ஸ்டால் வாடகை என் ஆட்கள் மூன்று பேரின் ஒரு மாதச் சம்பளம். அதை வாங்கிக்கொண்டு, சரக்கு வாங்க வந்தவனை மாடியில் பூட்டிவைத்தால் அதற்குப் பெயர் கண்காட்சி இல்லை. வசூல்.

மன்னிக்கவும், குரல் உயர்ந்துவிட்டது. எங்கள் சிங்கப்பூரில் இதற்கு அபராதம் உண்டு.

1947-ல் ஜெர்மனியின் ஹனோவரில் முதல் கண்காட்சி நடத்தியவர்களுக்கு உங்கள் சாமர்த்தியம் போதாது. போர் முடிந்த ரேஷன் காலம். கூப்பன் இல்லாமல் மீன் வைத்த பன் கிடைத்ததால் 'மீன் பன் கண்காட்சி' என்றே பெயர் எடுத்துவிட்டார்கள். தின்ன வந்தவன் மெஷினையும் பார்த்துத் தொலைத்தான். இன்று உலகத்தின் பெரிய தொழில் கண்காட்சிகளில் அதுவும் ஒன்று.

நிறைவு விழாவில் 'வெளிநாட்டிலிருந்தும் பங்கேற்றார்கள்' என்று மைக்கில் சொன்னபோது எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். என்னைத்தான் சொன்னீர்கள்.

அடுத்த வருடப் பாரம் இன்று வந்தது. அந்த டீ கேனை மாடியிலிருந்து இறக்கி ஸ்டால்களுக்கு நடுவில் வைப்பதாக ஒரு வரி எழுதித் தாருங்கள், முன்பணம் கட்டுகிறேன். த்ரீ ஃபேஸுக்குக் கட்டியதைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். டாலர் வேண்டாம், ரூபாயே போதும்.

இப்படிக்கு,
ஸ்டால் எண் 47,
சிங்கப்பூர் (வழி: ஜி.எஸ்.டி. ரோடு)