‘புரோக்கர் இல்லை’ என்ற விளம்பரத்துக்கு ஒரு புரோக்கரின் நன்றி

அனுப்புநர்:
வீட்டுத் தரகர் ஒருவர்,
டீக்கடை பெஞ்ச், முடிச்சூர் சாலை,
மேற்குத் தாம்பரம்.

பெறுநர்:
நிர்வாக இயக்குநர் அவர்கள்,
வீடு வாங்கவும் விற்கவும் உதவும் இணையதளம்
(எந்தத் தளம் என்பது தங்களுக்கே தெரியும்).

பொருள்: தரகர் இனத்தை ஒழிக்கத் தாங்கள் எடுத்த முயற்சியால் என் தொழில் செழித்தது – நன்றி தெரிவித்தல் – சில கோரிக்கைகள் வைத்தல் – தொடர்பாக.

பார்வை: ‘புரோக்கர் இல்லை, கமிஷன் இல்லை, கவலையும் இல்லை’ என்ற தங்கள் விளம்பரப் பலகை.

ஐயா,

தாங்கள் கடை விரித்த புதிதில் எங்கள் பெஞ்சே இடிந்துபோய் உட்கார்ந்திருந்தது உண்மை. விற்பவரும் வாங்குபவரும் செல்போனிலேயே பேசி முடித்துவிட்டால் நடுவில் நமக்கென்ன வேலை என்று சக தரகர் ஒருவர் இளநீர்க் கடை போட இடமே பார்த்துவிட்டார். பிறகு அந்த இடத்தையும் வேறொருவருக்கு முடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்கிக்கொண்டார்.

முன்பெல்லாம் ‘வீடு ஏதாவது இருக்கா?’ என்று கேட்டு வருவார்கள். இப்போது ராத்திரி இரண்டு மணிவரை தங்கள் தளத்தில் இருநூறு வீடு பார்த்துவிட்டு, காலையில் சிவந்த கண்ணோடு வந்து ‘இதுல எது நெசம்?’ என்று கேட்கிறார்கள். முதல் கேள்விக்கு ஒரு சதவீதம் வாங்கினேன். இரண்டாவது கேள்விக்கு இரண்டு வாங்குகிறேன். நன்றி.

கேட்க வேண்டிய கேள்விதான். விற்று, பத்திரம் பதிந்து, பால் காய்ச்சி, அந்த வீட்டுப் பெண்ணுக்கு வளைகாப்பும் நடந்த வீடு தங்கள் தளத்தில் இன்னும் ‘இன்று சேர்க்கப்பட்டது’ என்று நிற்கிறது. ‘ரயில் நிலையம் பத்தே நிமிடம்’ என்று போட்டவர் அதை ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை அளந்திருக்க வேண்டும். ஆள் திரும்ப முடியாத சமையலறை, தங்கள் கேமராவில் கல்யாண மண்டபமாகத் தெரிகிறது.

தங்கள் தளத்தில் பிடித்துப்போன தனி வீடு ஒன்றைப் பார்க்க ஒரு தம்பதி வந்தார்கள். முக்கால் கிரவுண்ட், வடக்குப் பார்த்த வாசல், புதுப் பெயின்ட். “சூப்பரா இருக்குல்ல அங்கிள்?” என்றது அந்தப் பெண். வீடு சூப்பர்தான். நான் உள்ளே கூட்டிப் போகாமல் தெருவிலேயே நிறுத்தி, “எதிர் வரிசையைக் கொஞ்சம் பாரும்மா” என்றேன். எல்லா வீட்டிலும் ஈ.பி. மீட்டர் பெட்டி ஆள் உயரத்துக்கு மேலே. தண்ணீர் மோட்டாருக்கு நாலடிச் சிமென்ட் மேடை. ஒரு வீட்டில் தரைத்தளத்தில் யாருமே குடியில்லை, கார் மட்டும் நின்றது. “ஏன் எல்லாத்தையும் இவ்ளோ உசரத்துல வெச்சிருக்காங்க?” என்று பையன் கேட்டான். 2015 டிசம்பரில் அடையாறு பொங்கி, முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தெருவில் படகு போனபோது அவன் வேறு ஊரில் படித்துக்கொண்டிருந்தானாம். அந்த வீட்டுக்குத் தங்கள் தளம் போட்டிருந்த வசதிப் பட்டியலில் முதல் வரி: ‘தண்ணீர் வசதி உண்டு.’ பொய் என்று சொல்ல மாட்டேன்.

அடுத்து பத்திர விஷயம். “அண்ணே, ஈ.சி. போட்டுப் பாத்துட்டேன், கிளியர்” என்று சொல்லிக்கொண்டே வருகிறார்கள். அரசாங்கம் நல்ல காரியம் செய்திருக்கிறது. வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம் எல்லாவற்றையும் வீட்டில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். ஆனால் வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள்தான் வரும், ஆட்கள் வர மாட்டார்கள். உயிலைப் பதிந்தாலும் அது தனிப் புத்தகத்தில் ஏறும், சான்றில் தலைகாட்டாது. பதியாத உயில் யாராவது ஒருவர் பீரோவில் புடவைக்கு அடியில் கிடக்கும். கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்கு நடந்தால் அதுவும் சான்றில் தெரிந்தே ஆக வேண்டும் என்றில்லை.

பூர்வீகச் சொத்தை அண்ணனும் தம்பியும் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்க வருவார்கள். மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989 இலும் மத்திய அரசு 2005 இலும் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியாகிவிட்டது. ஆனால் இந்த வீட்டில் ஒரு தங்கை உண்டு, திருவண்ணாமலையில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள் என்ற சங்கதி எந்தத் தளத்திலும் இல்லை. அது எதிர்வீட்டு அம்மாவிடம் இருக்கிறது. “சின்னவளுக்கும் அண்ணனுங்களுக்கும் காதுகுத்துல சண்டைங்க, அதுலேருந்து போக்குவரத்தே கெடையாது” என்று அவர் சொன்ன பிறகுதான், “தங்கச்சி கையெழுத்தோட வாங்க, அப்புறம் அட்வான்ஸ் பேசலாம்” என்று என்னால் சொல்ல முடிகிறது. வக்கீல் பார்க்க மாட்டாரா என்பீர்கள். இருக்கிற காகிதத்துக்கு வக்கீல் வேண்டும், கட்டாயம் வேண்டும். இல்லாத காகிதம் யார் வீட்டு பீரோவில் இருக்கிறது என்று தெரிய உள்ளூர்க்காரன் வேண்டும்.

மனை விளம்பரங்களில் ‘அப்ரூவ்டு’ என்று பச்சை நிற டிக் போடுகிறீர்கள். யார் அப்ரூவ் செய்தது? சி.எம்.டி.ஏ.வா, டி.டி.சி.பி.யா, அந்தக் காலத்துப் பஞ்சாயத்துத் தலைவரா? அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று 2016 இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டபோது, ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தவர்கள் எங்கள் பகுதியில் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். மறு ஆண்டு வரன்முறைத் திட்டம் வந்தது. எந்த மனை அதில் சேர்ந்தது, எது சேரவில்லை என்பதைப் பச்சை டிக் சொல்லாது.

அடுக்குமாடி என்றால் சதுர அடி. பொதுப் படிக்கட்டு, லிஃப்ட், வராண்டா எல்லாவற்றிலும் ஒரு பங்கைச் சேர்த்து ‘சூப்பர் பில்டப்’ கணக்கைப் பெரிதாகப் போடுகிறீர்கள். உள்ளே சோபா போடக்கூடிய கார்ப்பெட் ஏரியாவும், கட்டடம் போனாலும் கையில் நிற்கப்போகிற நிலப் பங்கான யு.டி.எஸ்.ஸும் என்ன என்று கேட்டால், ‘விற்பவரைத் தொடர்புகொள்ளவும்.’ தங்கள் கணிப்பான் மாதத் தவணையைப் பைசா சுத்தமாகச் சொல்கிறது. 70 லட்சத்துக்கு ஒரு பழைய வீட்டை வாங்கினால் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், அதாவது 6 லட்சத்து 30 ஆயிரம் தனியாக எடுத்து வைக்க வேண்டும் என்பதை அது சொல்வதில்லை. வங்கிக் கடன் வந்துவிடும் என்று நம்பிப் பத்திரப்பதிவுக்கு நாள் குறித்தவர், கடைசி வாரத்தில் மாமனாருக்கு போன் போடுகிறார்.

பேரம் பேசுவதற்கும் தாங்கள் ஒரு பொத்தான் வைத்திருக்கிறீர்கள். அதை அழுத்திய ஒரு தம்பி, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவரிடம் “பாத்ரூம் டைல்ஸ் ரொம்பப் பழசா இருக்கு சார், அஞ்சு லட்சம் கொறச்சுக்கலாமா?” என்று கேட்டிருக்கிறான். அந்த டைல்ஸ் காலமான அவர் மனைவி தேர்ந்தெடுத்தது. போன் வைக்கப்பட்டது. பத்து நாள் கழித்துப் பையன் என்னிடம் வந்தான். நான் ஆசிரியரிடம் போய் டைல்ஸைப் பற்றிப் பேசவே இல்லை. “வாத்தியார் பாத்துப் பாத்துக் கட்டியிருக்காருன்னு பையன் சொல்றான், ஆனா வங்கிக்காரன் குடுக்கறதே இவ்ளோதாங்கய்யா” என்றேன். பையனிடம் வந்து, “கட்டில், பீரோ, ஊஞ்சல் எல்லாத்தையும் விட்டுட்டுப் போறாராம், தம்பி” என்றேன். அஞ்சு லட்சம் குறைந்தது, ஊஞ்சலும் தங்கியது. விட்டுக்கொடுத்ததாக ஆசிரியரும், ஜெயித்ததாகப் பையனும் இன்றுவரை நினைக்கிறார்கள். இதற்குப் பொத்தான் இருந்தால் சொல்லுங்கள், நான் இளநீர்க் கடைக்கு இடம் பார்க்கிறேன்.

எங்களை உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குவோம். சாக்கடை ஓரத்து வீட்டைக் ‘காற்றோட்டமான வீடு’ என்போம். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் பதிவான திட்டங்களை விற்றுக்கொடுக்கும் தரகரும் அங்கே பதிவு செய்ய வேண்டும் என்கிறது 2016 ஆம் ஆண்டுச் சட்டம். எங்கள் பெஞ்சில் சிலருக்குச் செல்போன் எண்தான் பதிவு எண். ஆனால் ஒன்று. நான் ஏமாற்றினால் என் சட்டையைப் பிடிக்கலாம். எந்த பெஞ்சில், எத்தனை மணிக்கு உட்கார்ந்திருப்பேன் என்று ஊருக்கே தெரியும். என் பெண்ணைக் கொடுத்திருப்பது பக்கத்துத் தெருவில்.

தங்களுக்குச் சட்டை கிடையாது. விதிமுறைகளின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், விளம்பரத்தில் உள்ள எந்தத் தகவலுக்கும் தாங்கள் பொறுப்பல்ல என்று போட்டிருக்கிறீர்கள். எங்கள் இனத்தைக் காப்பாற்றியது அந்த ஒரு வரிதான். இருபது வருஷச் சம்பளத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு வீடு வாங்குகிறவருக்கு, ‘நான் பொறுப்பு’ என்று சொல்ல ஒரு முகம் வேண்டியிருக்கிறது. என் முகம் சுமார்தான். ஆனால் இருக்கிறது.

தாங்களும் இதை அறியாதவர் அல்லர். வீடு தேடுகிறவர் தங்கள் தளத்தில் எண்ணைப் பதிந்த பத்தாவது நிமிடத்தில் அந்த எண் என் செல்போனுக்கு வந்துவிடுகிறது. அதற்குத்தான் நான் வருஷா வருஷம் சந்தா கட்டுகிறேன். புரோக்கர் இல்லை என்ற அந்தப் பலகைக்கான செலவில் என் பங்கும் உண்டு என்று நினைக்கும்போது பெருமையாக இருக்கிறது.

எனவே, கீழ்க்கண்ட கோரிக்கைகளைக் கனிவுடன் பரிசீலிக்க வேண்டுகிறேன்:

1. நீச்சல் குளம், ஜிம் ஆகியவற்றுக்கு நடுவே ‘2015 வெள்ளத்திலும் 2023 வெள்ளத்திலும் எத்தனை அடி தண்ணீர்’ என்று ஒரு கட்டம் சேர்க்கவும்.

2. ‘உடன்பிறந்தோர் எத்தனை பேர், பேச்சுவார்த்தையில் உள்ளோர் எத்தனை பேர்’ என்று இன்னொரு கட்டம் சேர்க்கவும்.

3. எதிர்வீட்டு அம்மாக்களைத் தளத்தில் இணைக்க வழி செய்யவும். அவர்கள் கட்டணம் கேட்க மாட்டார்கள், காபி கேட்பார்கள்.

4. மேற்படி மூன்றையும் நிறைவேற்றினால் பொடி எழுத்து வரியை நீக்கிவிட்டு, ‘இதற்கு நாங்கள் பொறுப்பு’ என்று கையெழுத்துப் போடவும். போட்ட மறுநாள் பெஞ்சைக் காலி செய்கிறேன்.

அதுவரை அந்தப் பலகையை எக்காரணம் கொண்டும் எடுத்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்.

பி.கு.: பதில் எழுத விலாசம் தேட வேண்டாம். தங்கள் தளத்தில் ‘உரிமையாளரே நேரடியாக விற்கிறார்’ என்ற பகுதியின் முதல் பக்கத்தில் மூன்று வீடுகளுக்கு நான்தான் உரிமையாளர்.