வில்லங்கமே இல்லாத நெலம்

மருமகனே, தென் கரோலினாவுல ஆத்தங்கரையில பழைய உரக் கம்பெனி இருந்த இடம் சல்லிசா வருதுன்னு நீரு போன்ல சொன்னதுல இருந்து எனக்குச் சந்தோசம் தாங்கல. நம்ம குடும்பத்துல கோர்ட்டுப் படி ஏறாம நெலம் வாங்குனவன் எவனும் கிடையாது. கடல் தாண்டிப் போயும் அந்தப் பேரைக் காப்பாத்தணும்லா? "எத்தனையோ வருசம் உரம் கிடந்த மண்ணு மாமா, வச்சதெல்லாம் விளையும்"னு வேற சொன்னீரு. படிச்ச புள்ள பேச்சே தனி.

பத்திரத்துல வில்லங்கம் இல்லைன்னீரு. நல்லது. வில்லங்கம் பூராவும் மண்ணுக்குள்ள போய் உக்காந்துட்டா காயிதத்துல எப்படி இருக்கும்?

உம்ம பக்கத்துச் சார்ல்ஸ்டன்ல நடந்ததையே சொல்லுதேன், கேளும். 1906-ல இருந்து 1966 வரைக்கும் பிளான்டர்ஸ்னு ஒரு கம்பெனி அங்க பாஸ்பேட் உரம் செஞ்சுது. பாஸ்பேட் கல்லைப் பக்குவப்படுத்தக் கந்தகத் திராவகம் வேணும். அதுக்குப் பைரைட் கல்லை வறுப்பாங்க. வறுத்து மிஞ்சுன கசடுல ஆர்சனிக்கும் ஈயமும் கிடக்கும். ஆர்சனிக்னா நம்ம ஊர் வெள்ளைப் பாஷாணத்துல இருக்கே, அதேதான். அந்தக் கசடைத் தூரக் கொண்டுபோய்க் கொட்டினா காசு செலவு பாரும். கம்பெனிக்குள்ள ரோடு கெட்டிப்பட அதையே பரப்பி விட்டாங்க. பாஷாணத்துல ரோடு போட்ட சிக்கனத்தை எங்கயாவது கேட்டிருக்கீரா?

பெறகு 1966-ல கொலம்பியா நைட்ரஜன் வாங்குனான், மண்ணைப் புரட்டிக் கட்டடம் கட்டுனான். 1985-ல இன்னும் ரெண்டு பேரு வாங்கி, ரோடு, கழிவுநீர்க் குழாய்னு தோண்டுனாங்க. 2003-ல ஆஷ்லி டூன்னு ஒரு கம்பெனி வந்துச்சு. அவன்தான் உம்ம மாதிரி நல்லவன். மண்ணைச் சுத்தம் பண்ணி வீடும் கடையுமா கட்டப் போறேன்னு வந்தவன். சுத்தம் பண்ணுன செலவைக் குடுன்னு கொலம்பியா நைட்ரஜனோட வாரிசுக் கம்பெனி மேல கேசும் போட்டான். அந்தக் கம்பெனி மத்த பழைய ஆட்களையும் கேசுக்குள்ள இழுத்துருச்சு.

1980-ல போட்ட சட்டம் அங்க பொல்லாதது. விசத்தைக் கொட்டுனவனோட நிக்காது. விசம் கிடக்கிற மண்ணை இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் தள்ளுனவனும் பங்காளி, இன்னைக்கு நெலத்தை வச்சிருக்கவனும் பங்காளி. சொத்தைப் பிரிக்க அடிச்சுக்கிட்டவங்களை நான் நெறையப் பாத்திருக்கேன். அங்க நாத்தத்தைப் பிரிச்சாங்க. பிளான்டர்ஸ் கம்பெனிக்கு நூத்துக்கு 45, கொலம்பியா நைட்ரஜன் வாரிசுக்கு 30, தோண்டுன ரெண்டு பேருக்கு 16, ஊடால கொஞ்ச இடம் வச்சிருந்தவனுக்கு 3, ஒரு கண்டெய்னர் கம்பெனிக்கு 1. மிச்சம் 5 யாருக்குங்கீரு? சுத்தம் பண்ண வந்த நல்லவனுக்குத்தான்!

தெரிஞ்சே வாங்குனாலும், முறையா விசாரிச்சு, கவனமா நடந்துக்கிட்டா பொறுப்பு இல்லைன்னு 2002-ல ஒரு சலுகை வந்திருந்துச்சு. ஆஷ்லி அதைத்தான் நம்புனான். ஆனா மேல இருந்த கட்டடத்தை இடிச்சுட்டு, அடியில இருந்த பழைய கழிவுத் தொட்டிகளைச் சுத்தம் பண்ணி மூடாம விட்டுட்டான். மழை பெஞ்சா நெறையும், வெடிப்பு வழியாக் கசியும். குப்பைக் குவியல் வேற ஒரு வருசத்துக்கு மேல கிடந்துச்சு. இதுவா கவனம்னு கேட்டுட்டாரு ஜட்ஜு. 2013-ல மேல்கோர்ட்டும் அதையே சொல்லிருச்சு. தொட்டிக்கு மண்ணு போடச் சோம்பல்பட்டதுக்கு நூத்துக்கு அஞ்சு பங்கு. சரியான தீர்ப்புன்னுதான் நான் சொல்லுவேன்.

சுத்தம்னா ஏதோ பினாயில் ஊத்திக் கழுவுற வேலைன்னு நெனைச்சிருப்பீரு. ஆர்சனிக்கை எரிச்சாலும் அது அழியாது, ஈயமும் அப்படித்தான். தோண்டி வேற எடத்துக் குழிக்கு அனுப்பலாம், இல்ல மேல நல்ல மண்ணு போட்டு மூடலாம். ஈயத்துக்கு இன்னொரு வைத்தியம் உண்டு, கேட்டா சிரிப்பீரு. பாஸ்பேட்டைக் கலந்தா ஈயம் அதோட சேர்ந்து லேசுல கரையாத கல்லா இறுகிரும். உரக் கம்பெனி வச்ச விசத்துக்கு உரமே மருந்து!

அவசரப்பட்டு மூட்டை வாங்கப் போயிராதேயும். ஆர்சனிக்கும் பாஸ்பேட்டும் ஒரே சாடை. மண்ணுல ஒட்டியிருக்க ஆர்சனிக்கைத் தள்ளிட்டுப் பாஸ்பேட் அந்த எடத்துல உக்காந்துக்கிடும். தள்ளிவிட்ட ஆர்சனிக் தண்ணியோட கீழ கிளம்பிரும். ஈயத்தைக் கட்டுனா பாஷாணம் அவுந்துக்கிடும். எந்த எடத்துல எது எவ்வளவு இருக்குன்னு தெரியாம எந்த வைத்தியமும் பண்ணப்படாது.

மண்ணுல இருந்து ஆர்சனிக்கை உறிஞ்சி எலையில சேக்கிற ஒரு பெரணிச் செடி இருக்குன்னு 2001-ல புளோரிடாக்காரங்க கண்டுபிடிச்சாங்க. அதை நட்டுக்கிட்டு வருசக்கணக்காக் காத்திருக்கலாம். அறுத்த எலையும் விசக் கழிவுதான், அதை வேற எங்கயாவது பத்திரமாச் சேக்கணும். ஆடு மட்டும் வளத்துராதேயும்.

அதனால சொல்லுதேன். பழைய வரைபடத்தை வாங்கிக் கசடு ரோடு எங்க ஓடுச்சு, தொட்டி எங்க இருந்துச்சுன்னு பாரும். மண்ணையும் கெணத்துத் தண்ணியையும் பரிசோதிக்கிறதுக்கு முந்தி ஜேசிபியை உள்ள விடாதேயும். அட்வான்ஸ் இன்னும் குடுக்கலையே? குடுத்துட்டீருன்னா, முதல்ல ஆளைக் கூப்பிட்டு அந்தத் தொட்டிகளைச் சுத்தம் பண்ணி மூடச் சொல்லும். எனக்குப் போன் பண்ணுறது பெறகு.